மனநோயும் ஊர்வாயும்

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணப் பேச்சு சரிவந்து, சாதகமும் பொருந்திவிட்டால், அடுத்த கட்டத்தில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "குடும்பத்தில ஆருக்கும் வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" கேட்பவர் சீனி வருத்தத்தையோ பிறசரையோ கேட்கவில்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் எப்போதோ கிளினிக்கில் மருந்து எடுத்தார் என்று ஒரு கதை கிடைத்தால் போதும், பேச்சு அப்படியே நின்றுவிடும். உண்மைக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "பிள்ளை இப்ப வேண்டாம் எண்டு சொல்லுது" என்று ஒரு சாட்டு வரும், அவ்வளவுதான்.

அந்தத் தாழ்ந்த குரல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. மனநோய் என்றால் என்ன, அதைப்பற்றி நம் சனத்துக்கு எவ்வளவு தெரியும், தெரிந்தும் ஏன் ஒளிக்கிறோம், ஒளித்தால் நோய் வந்தவருக்கு என்ன நடக்கிறது என்பதை, இந்தப் பக்கமே வராத ஒருவருக்குச் சொல்வது போலச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நோயைப் பற்றி

மனம் வருந்துவதெல்லாம் நோய் இல்லை. செத்த வீட்டில் அழுவது, ஏ.எல். முடிவு சரியில்லை என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பது, வெளிநாடு போன மகனை நினைத்து இரவில் நித்திரை இல்லாமல் இருப்பது எல்லாம் மனிதருக்கு வருபவை, வந்து போபவை. அந்த நிலை எவ்வளவு காலமாக இருக்கிறது, எவ்வளவு கடுமையாக இருக்கிறது, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு குழப்புகிறது என்று வைத்தியர்கள் பார்க்கிறார்கள். மனச்சோர்வு நோய் என்று சொல்வதற்கு, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், நாளின் பெரும் பகுதி, குறைந்தது இரண்டு கிழமையாவது அது நீடித்திருக்க வேண்டும். துக்கம் மட்டும் வராது. முன்பு விருப்பமாகச் செய்த எதிலும் பிடிப்பில்லாமல் போகும். நித்திரை குழம்பும், பசி கெடும், உடம்பு அசந்து கிடக்கும். தான் ஒன்றுக்கும் உதவாத ஆள் என்ற எண்ணமும், செத்துப் போகலாம் என்ற நினைப்பும் கூடவே வரலாம்.

பதகளிப்பு நோய் இன்னொன்று. காரணம் பெரிதாக இல்லாமலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்ற பயம் விடாமல் பிடித்துக்கொள்ளும். மனச்சோர்வும் பதகளிப்பும்தான் உலகில் மிகப் பரவலான மனநோய்கள். ஆனால் "மனநோய்" என்று சொன்னவுடன் நம் ஆட்களின் கண்முன் வருவது இவை இல்லை. தெருவில் தனியே கதைத்துக்கொண்டு போகும் ஒருவர்தான் வருகிறார்.

அந்தக் கடுமையான நோய்கள் எண்ணிக்கையில் குறைவு. மனச்சிதைவு நோய் உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இல்லாத குரல் காதில் கேட்கும். யாரோ பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை வரும். நாம் பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்பது போலவே அவருக்கு அந்தக் குரல் கேட்கிறது. ஆகவே "அப்பிடி ஒண்டும் இல்லை, சும்மா இரு" என்று வாதாடிப் பிரயோசனம் இல்லை. இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும். பிள்ளை கம்பசுக்குப் போகும் வயது, கலியாணம் பேசும் வயது. பெற்றோர் ஒளிக்கத் துடிப்பதும் அதனால்தான். இருதுருவ நோயில் சில காலம் ஆள் தரையில் கால் படாத உற்சாகத்தில் இருப்பார், நித்திரை கொள்ளமாட்டார், காசை அள்ளி இறைப்பார். இன்னொரு காலம் எழும்பவே முடியாமல் கிடப்பார்.

எல்லா மனநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், 2019இல் உலகத்தில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதோ ஒரு மனநோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. கிட்டத்தட்ட 97 கோடிப் பேர். பத்து வீடும் நாற்பது பேரும் உள்ள ஒரு ஒழுங்கையை எடுத்தால், அந்தக் கணக்கில் ஐந்து பேர். "எங்கட ஒழுங்கையில அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்று யாராவது சொன்னால், இருப்பவர்கள் சொல்லவில்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள்.

அந்தக் கணக்கு உலகத்துக்கு. நம் மண்ணில் போரும் சேர்ந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. 2009இல் வன்னியில் நடந்ததை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. 2009இன் நடுப்பகுதியில் யாழ் மாவட்டத்தில் வீடு வீடாக எடுத்த ஓர் ஆய்வு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் பதகளிப்பு அறிகுறிகள் 32.6 வீதமானோரிடமும், மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 வீதமானோரிடமும், மனவடுவின் பின்னான நெருக்கீட்டு (கொடிய அனுபவம் ஒன்றின் பிறகு விடாமல் தொடரும் பாதிப்பு) அறிகுறிகள் 7 வீதமானோரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் இவை இன்னும் அதிகம். தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இது தனித்தனி ஆட்களின் காயம் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட காயம் என்று எழுதியிருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளை நினைத்தால் அது விளங்கும். செத்தார் என்று அந்தியேட்டி செய்யவும் முடியாது, இருக்கிறார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் ஆட்கள் வைத்தியரிடம் போய் "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்வது அரிது. தலையிடி, நெஞ்சு நோ, உடம்பெல்லாம் எரிவு, பெருமூச்சு, நித்திரை இல்லை என்றுதான் சொல்வார்கள். அது நடிப்பு இல்லை. உடம்பு உண்மையாகவே நோகிறது. எல்லாப் பரிசோதனையும் சரி என்று வந்தபிறகும் நோ தொடர்ந்தால், மனதைப் பற்றியும் கேட்கச் சொல்லி வைத்தியரிடம் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தெரியாமையா, பயமா?

மனநோயைச் சுற்றியுள்ள களங்கத்தை ஆராய்கிறவர்கள் அதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதுண்டு. தெரியாமை ஒன்று, மனதில் உள்ள வெறுப்பும் பயமும் இன்னொன்று, அந்தப் பயத்தால் நாம் நடந்துகொள்ளும் விதம் மூன்றாவது. மூன்றும் ஒன்றோடு ஒன்று தொடர்புள்ளவை. ஆனாலும் ஒன்று மாறினால் மற்றவை தானாக மாறும் என்று இல்லை.

யாழ்ப்பாணத்தைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். இங்கே தெரியாமை முன்பு போல இல்லை. சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் உளவளத்துணையாளர்கள் ஊர் ஊராக வந்தார்கள், பள்ளிக்கூடங்களில் வகுப்புகள் நடந்தன, பத்திரிகைகளில் மனநல மருத்துவர்கள் எழுதினார்கள். "கவுன்சிலிங்" என்ற சொல் பாட்டிமாருக்கும் தெரியும். போர் ஆட்களைப் பாதித்தது என்பதை ஒருவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் தன் வீட்டில் ஒருவருக்கு வந்தால்? பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் தெரிந்தவர் கண்டுவிடுவார் என்று வவுனியாவுக்கோ கொழும்புக்கோ கூட்டிக்கொண்டு போகிறோம். குளிசைப் பெட்டியின் பெயரைக் கிழித்துவிட்டு அலுமாரிக்குள் வைக்கிறோம். கேட்பவர்களுக்கு "தலையிடிக்கு மருந்து எடுக்கிறா" என்கிறோம். இது தெரியாமையில் செய்வது இல்லை. நன்றாகத் தெரிந்துகொண்டு, ஊர் என்ன சொல்லும் என்று பயந்து செய்வது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

அந்தப் பயம் வீண் பயமும் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வேலை போகலாம், கலியாணம் குழம்பலாம், கோயில் திருவிழா உபயத்தில் பெயர் விடுபடலாம். நோய் வந்தவருக்கு மட்டும் இல்லை, தங்கைக்கும் தம்பிக்கும் மச்சாளுக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் எல்லோர் மேலும் ஒட்டிக்கொள்ளும் களங்கம் இது. ஆகவே ஒளிக்கிற குடும்பத்தைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒளிக்கவேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளுகிற நாங்கள்தான் மாறவேண்டும்.

மிக மோசமான களங்கம் நோய் வந்தவரின் உள்ளே இருப்பது. சின்ன வயதிலிருந்து அவரும் இதே ஊரில்தான் வளர்ந்தார். விசரன் என்று பெடியள் கல்லெறிந்ததைப் பார்த்திருப்பார். சிலவேளை தானும் எறிந்திருப்பார். இப்போது தனக்கே வந்தபோது அந்தச் சொல்லைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறார். "என்னால இனி ஒண்டும் ஏலாது" என்று ஒதுங்குகிறார். வேலைக்கு மனுப் போடுவதில்லை, நண்பர்களைச் சந்திப்பதில்லை. நோயின் அறிகுறி குறைந்த பிறகும் இது போவதில்லை.

அப்புறம், இடங்களின் பெயர்கள். கோபம் வந்தால் "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்கிறோம், வடமராட்சிப் பக்கம் மந்திகை ஆஸ்பத்திரியைச் சொல்லிப் பகிடி விடுகிறோம். அங்கொடை வைத்தியசாலை 2008 முதல் தேசிய மனநல நிறுவகம் என்ற பெயரில் இயங்குகிறது. ஆனால் பகிடி பழைய பெயரிலேயே நிற்கிறது. சுகப்படுத்துகிற இடத்தின் பெயரையே ஏச்சாக ஆக்கிவிட்டால், சுகமில்லாதபோது ஒருவர் எந்த முகத்தோடு அங்கே போவார்? நாட்டுச் சட்டமும் நெடுங்காலம் இதே பார்வையில்தான் இருந்தது. பிரித்தானியர் 1873இல் கொண்டுவந்த சட்டம், 1956இல் திருத்தப்பட்டபோதும், நோயாளியை அடைத்துவைத்துக் காப்பதைத்தான் பெரிதாகப் பார்த்தது. தற்கொலைக்கு முயல்வது 1998வரை இலங்கையில் தண்டனைக்குரிய குற்றம். அந்த ஆண்டில் அது நீக்கப்பட்டது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பொலிஸ் வழக்குப் போடும்" என்று உறவினர் தயங்கி நிற்கிற வீடு எங்காவது இருந்தால், அங்கே இதைச் சொல்லுங்கள். உயிர் தப்பியவர் குற்றவாளி இல்லை.

பேய், செய்வினை, நேர்த்தி

நோய் தொடங்கியவுடன் பல வீடுகளில் முதலில் போவது சாத்திரியாரிடம். ஏழரைச் சனி, செய்வினை, கண்ணூறு என்று ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும். நூல் கட்டுவார்கள், தண்ணீர் ஓதுவார்கள், சந்நிதியில் சில நாள் தங்கிக் கும்பிடுவார்கள், வேதக்காரர் செபக் கூட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகிற எழுத்துக்களை நிறையப் பார்க்கிறோம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கோயிலில் நோயாளியை ஒருவரும் துரத்துவதில்லை. சாப்பாடு கிடைக்கும், பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள், நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். "செய்வினை" என்ற விளக்கம் குறைந்தது பழியை நோயாளியின் தலையில் போடுவதில்லை. மூச்சுப் பயிற்சி, மந்திரம், செபம் போன்ற நம் பழக்கங்களைச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்களே காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. அடிப்பது, கட்டிப்போடுவது, புகை போடுவது, பட்டினி போடுவது, "குளிசையை நிப்பாட்டினாத்தான் சாமி கேட்கும்" என்று சொல்வது, இவை எந்தப் பெயரில் நடந்தாலும் கொடுமை. நேர்த்தியும் வையுங்கள், கிளினிக்குக்கும் போங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை. நேர்த்தி முடியட்டும் பிறகு பார்ப்போம் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் கெடுதல்.

நம் ஊரில் இன்னொரு பழக்கமும் உண்டு. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியை அவர் காலத்துச் சனம் விசரன் என்றுதான் சொன்னது. பிறகு அதே சனம் யோகர் சுவாமியின் குரு என்று கும்பிட்டது. வழமைக்கு மாறாக நடப்பவரைப் பேய் பிடித்தவர் என்று பயப்படவோ, சித்தர் என்று கும்பிடவோ நமக்குத் தெரியும். வருத்தம் வந்த ஒரு சாதாரண ஆள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கதைக்கத்தான் நாம் இன்னும் பழகவில்லை.

பிள்ளைப்பேற்று வீட்டில் இந்தத் தாமதம் உயிர் ஆபத்து. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில், பிள்ளை பிறந்து முதல் இரண்டு கிழமைக்குள் தாய்க்குத் திடீரென்று கடுமையான மனக்குழப்பம் வரலாம். நித்திரையே இருக்காது, பேச்சு மாறும், பிள்ளையைப் பற்றி விசித்திரமாகக் கதைப்பார். பழைய ஆட்கள் சன்னி என்பார்கள், பேய் என்பார்கள். இது அவசர நிலை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உடனே சிகிச்சை கிடைத்தால் மிகப் பெரும்பாலான தாய்மார் முழுமையாகத் தேறுவார்கள். பேறு வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். மாமி என்ன நினைப்பா என்று பார்க்கவேண்டாம்.

ஆண்களின் கதை வேறு விதமாக ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் ஒரு ஆண் "எனக்குப் பயமாக் கிடக்கு, அழுகை வருது" என்று சொல்வதைவிடக் குடிப்பது எளிது. குடிகாரன் என்ற பெயரை ஊர் பொறுத்துக்கொள்ளும், மனநோயாளி என்ற பெயரைப் பொறுக்காது. பின்னேரத்தில் தவறணைப் பக்கம் ஒதுங்குகிற எத்தனையோ பேருக்குக் குடி மட்டும் பிரச்சினை இல்லை என்றே நான் நம்புகிறேன்.

பரம்பரையா?

கலியாணக் கேள்விக்கு அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். மனநோய் சிலவற்றில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. பொதுச் சனத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. தாய் தகப்பனில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால், பிள்ளைக்கு அது ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து. அப்படிப் பிறந்த பத்துப் பிள்ளைகளில் சுமார் ஒன்பது பேருக்கு அந்த நோய் வராது. சித்தப்பாவுக்கு இருந்தது என்றால் வாய்ப்பு இன்னும் குறைவு. மனச்சோர்வுக்குப் பரம்பரையைவிட இழப்பு, வறுமை, வீட்டுக்குள் அடி உதை, நீண்ட உடல் வருத்தம் என்று காரணங்கள் பல சேர வேண்டும். சீதனக் காணியின் உறுதியை ஆராய்வது போலச் சித்தப்பாவின் கிளினிக் கொப்பியை ஆராய்ந்து ஒரு நல்ல சம்பந்தத்தைக் குழப்புவதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

"ஆபத்தான ஆட்கள்" என்ற பயமும் இப்படித்தான். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒருவரையும் தாக்குவதில்லை. அவர்கள்தான் மற்றவர்களால் அதிகம் அடிபடுகிறார்கள், ஏமாற்றப்படுகிறார்கள். படங்களில் மனநோயாளி என்றால் ஒன்றில் கொலைகாரன், அல்லது சிரிக்க வைக்கிற ஆள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வகுப்பில் ஒரு நண்பனுக்கு மனச்சோர்வு வரும்போது எப்படி அடையாளம் காணும்?

ஒளித்தால் என்ன நடக்கிறது

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். பத்தொன்பது வயதுப் பெடியன், ஏ.எல். சோதனை எழுதப் போகிறவன். ரியூசனுக்குப் போகாமல் அறைக்குள் இருக்கிறான், இரவில் யாரோடோ கதைக்கிறான். வீட்டில் முதலில் படிப்புப் பஞ்சி என்று நினைக்கிறார்கள். பிறகு காதல் தோல்வி என்கிறார்கள். பிறகு கோயில். லண்டனில் இருக்கிற அண்ணன், "ஆஸ்பத்திரியில பதிஞ்சா ஃபைல் வரும், வெளிநாடு எடுக்கேலாது" என்று தொலைபேசியில் பயமுறுத்துகிறார். ஒன்றரை வருடம் ஓடிவிடுகிறது. கடைசியில் ஒரு நாள் அவன் பயத்தில் கதவை உடைத்துக்கொண்டு ஓட, நாலு பேர் சேர்ந்து பிடித்துக் கட்டி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஊருக்கு அந்தக் காட்சிதான் தெரியும். ஒன்றரை வருடம் அமைதியாக நடந்தது ஒருவருக்கும் தெரியாது. "பாத்தியளே, மனநோய் எண்டா இப்பிடித்தான்" என்று சொல்லிவிடும். களங்கம்தான் தாமதத்தை உண்டாக்கியது, தாமதம்தான் அந்தக் காட்சியை உண்டாக்கியது, அந்தக் காட்சி களங்கத்தை இன்னும் பெருக்கியது.

சிகிச்சை இல்லாமல் போகும் காலம் நீள நீள, மனச்சிதைவு போன்ற நோயில் தேறுவது கடினமாகும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்டது. நேரத்தோடு போனால் நிலைமை வேறு. மனச்சிதைவு வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒருவர் முழுமையாகத் தேற முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்றவர்களில் பலர் மருந்தோடு வேலை, குடும்பம் என்று வாழ்கிறார்கள். குரல் கேட்பதையும் தவறான நம்பிக்கைகளையும் குறைக்கும் மருந்துகளில் முதலாவது 1952இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நோயாளியை அடைத்து வைப்பதைத் தவிர வைத்தியரிடமும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. நம் பாட்டன் காலத்துப் பயத்துக்கு அப்போது ஒரு காரணம் இருந்தது என்று சொல்லலாம். இப்போது இல்லை.

மருந்தைப் பற்றிய பயமும் பெரிது. "அது நித்திரைக் குளிசை, அடிமையாக்கும்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. மனச்சோர்வு மருந்துகள் அப்படி அடிமையாக்குபவை இல்லை. ஆனால் அவை வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். நாலாம் நாள் "ஒரு மாற்றமும் இல்லை" என்று விட்டால் பிரயோசனம் இல்லை, சுகம் என்று கண்டவுடன் தானாக நிறுத்துவதும் கூடாது. பதகளிப்புக்கும் நித்திரைக்கும் கொடுக்கும் சில குளிசைகள் நீண்ட காலம் எடுத்தால் பழகிப்போகும் என்பது உண்மை. அதனால்தான் அவற்றை வைத்தியர் சொன்ன நாளுக்கு மட்டும் எடுக்கவேண்டும். சில மருந்துகள் உடம்பை நிறைக்கும், நடுக்கம் தரும். பொறுக்க முடியாவிட்டால் வைத்தியரிடம் சொல்லி மாற்றலாம். எல்லா நோய்க்கும் மருந்து தேவையும் இல்லை. மிதமான மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் முறையான உளச்சிகிச்சை மட்டுமே உதவலாம்.

எது களங்கத்தைக் குறைக்கிறது?

"இது மூளையில் வரும் நோய், யாருடைய பிழையும் இல்லை" என்று சொன்னால் போதும் என்று பல காலம் நம்பப்பட்டது. ஆய்வுகள் காட்டியது கொஞ்சம் வேறு. அப்படி மட்டும் சொன்னால், நோயாளியைக் குற்றம் சொல்வது குறைகிறது. ஆனால் "மூளை பழுதென்றால் இனித் திருந்தாது" என்ற எண்ணம் கூடி, சனம் இன்னும் தள்ளி நிற்கிறது. நம் ஊரில் இதை நம்பக் கஷ்டமே இல்லை. "மண்டை பிழைச்சிட்டுது" என்பதும் மூளை நோய் விளக்கம்தான், அதில் இரக்கம் எங்கே இருக்கிறது?

உதவுகிறது என்று உறுதியாகக் கண்டது, நோய் வந்து தேறியவரை நேரில் பார்ப்பதும் அவரோடு பழகுவதும். 2022இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு ஒன்று உலகெங்கும் நடந்த முயற்சிகளைத் திரட்டிப் பார்த்து இதே முடிவுக்கு வந்தது. சுவரொட்டியும் ஊர்வலமும் செய்யாததை, "எனக்கு இது வந்தது, மருந்து எடுத்தேன், இப்ப வேலைக்குப் போறன்" என்று ஒருவர் சமமாக உட்கார்ந்து சொல்வது செய்கிறது. எங்கள் சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலைகளிலும் ஆண்டுவிழாவுக்குப் பேச்சாளரைக் கூப்பிடுகிறோம். தேறிய ஒருவர் விரும்பி முன்வந்தால், வைத்தியருக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு கதிரை போடலாம். கட்டாயப்படுத்தக் கூடாது. இன்றைய யாழ்ப்பாணத்தில் அப்படி முன்வருவதற்குப் பெரிய துணிவு வேண்டும், அதனால் அவருக்கு வரக்கூடிய இழப்பை நாம் சுமக்கப் போவதில்லை.

சின்ன விடயம் ஒன்று இதைவிட எளிது. ஒருவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால், பின்னேரம் ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் கொண்டு ஒழுங்கை முழுக்கப் போய்ப் பார்ப்போம். மனநோய் விடுதியில் கிடந்தால் அநேகமாகத் தாயும் சகோதரியும்தான் வருவார்கள். அவர்களிடம் முதலில் கேட்டுக்கொண்டு, நீங்களும் ஒரு நாள் போங்கள். நோயைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை. கிரிக்கெட், ஊர்ப் புதினம், மழை, எதையாவது கதைத்துவிட்டு வரலாம்.

உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் மாறிப்போயிருந்தால்

"எழும்பி முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்", "எல்லாருக்கும் கவலை இருக்குத்தானே" என்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். எழும்ப முடிந்தால் அவர் எழும்பியிருப்பார். "மச்சான், கொஞ்ச நாளாய் நீ நீயாய் இல்லை. நித்திரை வருதோ? சாப்பிடுறியோ?" என்று தொடங்கலாம். பிறகு கேளுங்கள். புத்தி சொல்ல அவசரப்படவேண்டாம். செத்துப் போகும் நினைப்பு இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், நேராகவே கேட்கலாம்: "சாக வேணும் எண்டு நினைப்பு வருதோ?" கேட்டால் அந்த எண்ணம் அவர் தலைக்குள் புகுந்துவிடும் என்ற பயம் பிழை. ஒருவராவது கேட்டாரே என்று ஆறுதல்தான் வரும். ஓம் என்று சொன்னால் தனியே விடவேண்டாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம். எந்த நேரமும் கதைக்க, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. தமிழிலும் கதைக்கலாம்.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்ப்பதும் மருந்தும் இலவசம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால், பக்கத்து ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள், வழி காட்டுவார்கள். முதல் நாள் கூடவே போங்கள். வரிசையில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் பலரைத் திரும்பி ஓட வைக்கிறது.

கடை, பண்ணை, அலுவலகம் என்று ஆட்களை வைத்து வேலை செய்விப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுகமாகித் திரும்பி வருகிறவரின் வேலையை வைத்திருங்கள். முதல் ஒன்றிரண்டு மாதம் அரைநாள் வேலை கொடுங்கள், மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குப் போகச் சம்பளத்தோடு விடுங்கள், காலைக் குளிசையின் மயக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலம் பிந்தி வரட்டும். ஏன் பிந்தி வருகிறார் என்று மற்ற வேலையாட்கள் கேட்டால், அவரிடம் கேட்காமல் நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம்.